ஈச்சம்பதியில் ஆளில்லாத பதினெட்டு நாள்

பிப்ரவரி 17, திங்கள்

இந்த டைரி உரக்கடை மாமா கொடுத்தது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயத்துக்கு ஒரு அறிவுரை அச்சடித்திருக்கிறது. இன்றைக்கு, 'மண்ணைச் சோதித்துப் பின் விதையிடுக'. நான் விதைக்க ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. ஆனாலும் இன்று வேலையில் சேர்ந்திருக்கிறேன், ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றியது.

வேலை, புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் பதிகளில், அதாவது பழங்குடி ஊர்களில், வீடு வீடாகக் கணக்கெடுப்பது. மூன்று மாதத்துக்கு ஒப்பந்தம், பிறகு நீட்டிப்பார்களாம். இடமாற்றத் திட்ட அதிகாரி தணிகாசலம் சார் தன் அறையில் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். குரலை உயர்த்தாத மனிதர். காப்பி வரவழைத்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே காப்பி ஆகாது, வாசனை பட்டாலே வயிறு புரளும். தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரித்துக்கொண்டு, "இதுக்கென்னம்மா, கோகிலவாணிக்குப் பால் கொண்டாப்பா" என்றார். மேலதிகாரி என்றால் கடுகடுவென்று இருப்பார் என்று பயந்துகொண்டு போனேன். நல்ல மனிதர்.

பிப்ரவரி 20, வியாழன்

ஈச்சம்பதி. ஜீப் போகும் வரை ஜீப், அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம் நடை. இருபத்திரண்டு வீடு, மூங்கில் தட்டிச் சுவர், புல் கூரை. சுற்றிலும் ராகிக் காடு. அறுத்து முடித்த தாள் மட்டும் நின்றது.

வன உரிமைக் குழுத் தலைவி மருதி. நாற்பது வயதிருக்கும். இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எண்ண வந்தவளா அம்மிணி? புலிய எண்ணுறவங்க மார்கழியில வந்தாங்க. ஆனைய எண்ணுறவங்க போன வருசம் வந்தாங்க. இப்ப எங்களயா?"

"ஆமாங்க்கா."

"எண்ணிக்கோ. புலியவிட நாங்க கம்மிதான்."

கடுங்காப்பி கொடுத்தார். வேண்டாம் என்றதும் முகம் சுருங்கிவிட்டது, தன் கையால் வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று நினைத்திருப்பார் போல. காரணத்தைச் சொன்னேன். உடனே இஞ்சி தட்டிப் போட்டு வெந்நீர் வைத்துத் தந்தார். இரண்டு டம்ளர் குடித்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

கீழே குடிபெயர எட்டு வீட்டார் சம்மதப் படிவத்தில் கைரேகை வைத்துவிட்டார்கள். பதினான்கு வீட்டார் மாட்டேன் என்கிறார்கள். மருதியக்கா ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். ஆறு வருடத்துக்கு முன்னால் பதி முழுவதும் நிலத்துக்கு உரிமை கேட்டுப் போட்ட மனு. எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கோட்டாட்சியர் அலுவலகத்தார் நேரில் வந்து, இவர்கள் இங்கே குடியிருக்கிறார்கள், உழுகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். எழுதிவிட்டால் பட்டா. பட்டா வந்துவிட்டால் இவர்கள் கையெழுத்து இல்லாமல் யாரும் அசைக்க முடியாது.

"வந்து பாத்தாப் போதும் அம்மிணி. நாங்க எங்க போயிறப் போறோம்?"

சாரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா, ஒரு இன்ஸ்பெக்ஷன்தான் பாக்கியா?" என்று கேட்டு, காலண்டரைப் பார்த்தார்.

மார்ச் 6, வியாழன்

கால் வலி. ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். அம்மா மூட்டுக்கு எண்ணெய் வாங்கினேன்.

மார்ச் 13, வியாழன்

பாறைமேல் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தபோது மருதியக்கா பக்கத்தில் வந்து குந்தினார். எங்களைப் பற்றியும் எழுதுகிறாயா என்றார். எழுதுகிறேன் என்றேன்.

"அப்ப எழுது. இன்னைக்கு ஆறு வூட்டுக்குப் புதுப் புல்லு மேஞ்சோம். அவரைக்காய் ரெண்டாம் பறிப்பு முடிஞ்சுது. நஞ்சன் கொட்டாயில ஆடு ரெண்டு குட்டி போட்டுது."

எழுதிவிட்டேன். நஞ்சன் அவருடைய கணவர்.

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. கீழே போனால் ஆஸ்பத்திரி இருக்கிறதே அக்கா, நாலு வருடத்துக்கு முன்னால் உங்கள் தங்கை பிரசவ வலியோடு கம்பில் கட்டிய தொட்டிலில் தூக்கிப் போகும்போதே இறந்தாள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். கேட்டிருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ரோடு கேட்டோம். புலி நடமாடுற எடம், ரோடு போட ஏலாதுன்னாங்க. சரி. எங்கள எறக்குறதுக்கு மட்டும் லாரி எப்படி மேல வரும் அம்மிணி?"

இதைச் சாரிடம் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

சார் மாற்றுக் குடியிருப்பைக் காட்ட அழைத்துப் போனார். பைபாஸ் ஓரம், காங்கிரீட் வீடுகள் வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே மஞ்சள். குழாய் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. ஒரு மரம் கிடையாது. போன வருடம் அத்திப்பதியிலிருந்து கொண்டுவந்தவர்கள் ஒன்பது வீட்டில் இருக்கிறார்கள். ஓர் ஆள் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "வணக்கம்ணா" என்றேன். திரும்பவில்லை.

ஒரு வீட்டில் இரும்புக் கதவைக் கழற்றி உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். கீல் துருப்பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது சார் சொன்னார். "பாத்தீங்களா கோகிலா, எவ்வளவு வசதி. ஆனா அவங்களுக்குப் புரியல. புரியாதவங்க சம்மதத்துக்குக் காத்துக்கிட்டிருந்தா அவங்களுக்குத்தான் நஷ்டம்." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஏப்ரல் 2, புதன்

மருதியக்கா சொன்னதை மறந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டும்.

சித்திரை அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் பதி முழுவதும் தேன் எடுக்கப் போகிறது. பச்சைப் பிள்ளை, படுத்த படுக்கையானவர், நாய், ஆடு எல்லாம். மூன்று மலை தாண்டிப் பாறை இடுக்கில் குடில் போட்டுத் தங்கி, பௌர்ணமிக்குத் திரும்புவார்கள். ஒருவரும் பின்தங்கக் கூடாது.

பாறை உச்சியிலிருந்து கொடிக்கயிற்றில் இறங்கித்தான் தேனடையை அறுப்பார்களாம். நஞ்சன் இறங்குவார். மேலே கயிற்றைப் பிடிப்பது மருதியக்காவின் தம்பி. வேறு யாரும் தொடக் கூடாது.

"கூடப் பொறந்த அண்ணந்தம்பி கயிற விடலாம், பங்காளிக்குள்ள ஆயிரம் இருக்கும். பொண்டாட்டி கூடப் பொறந்தவன் விடுவானா? விட்டா அவன் அக்காதான தாலியறுக்கோணும்!" என்று சிரித்தார். இவ்வளவு விவரமானவர்களை நம் ஆபீசில்கூடப் பார்க்க முடியாது.

இன்னொன்று. புறப்படும் அன்று ஒவ்வொரு வீட்டிலும் தட்டிக் கதவைக் கழற்றி அடுப்புமேல் படுக்க வைத்துவிட்டுப் போவார்களாம். இவர்கள் இல்லாத நாளில் அந்தந்த வீட்டில் செத்தவர்கள் வந்து இருந்துவிட்டுப் போவார்கள், கதவு இருந்தால் அவர்கள் தட்டிக்கொண்டு நிற்க வேண்டுமே. அடுத்த வெள்ளாமைக்கான விதையைச் சுரைக்குடுக்கையில் போட்டு அடுப்புக்கு மேலே கட்டி வைப்பார்கள். திரும்பி வருவோம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

மஞ்சள் வீட்டில் பார்த்த அத்திப்பதிக்காரர் கதவு ஞாபகம் வந்தது. அது துரு இல்லை.

கடைசியாக ஒன்று கேட்டார். பதி ஆளில்லாமல் கிடக்கும் நாளில் வெளியாள் ஒருவர் அவ்வப்போது வந்து எல்லைக் கல்லருகே நின்று, 'வந்துருவாங்க' என்று வீடுகளுக்குச் சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் வந்த செத்தவர்கள், இனி இது நம் வீடுதான் என்று தங்கிவிடுவார்களாம். இத்தனை வருடமும் அத்திப்பதிப் பெண் ஒருத்தி வந்து சொல்வாள். அவள் இப்போது பைபாஸ் ஓரத்தில் இருக்கிறாள்.

"நீ சொல்றியா அம்மிணி? நீதான் வாராவாரம் வர்றியே."

சரி என்றேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. என்னை நம்பி யாரும் ஒரு வீட்டுச் சாவிகூடக் கொடுத்ததில்லை. இவர்கள் ஒரு ஊரையே கொடுக்கிறார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சார் நாளைக்குத் தனியாக வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். நிரந்தரம் பற்றி இருக்கும் என்கிறாள் அம்மா.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒன்பதும் பத்தும் ஒரே தாளின் இரண்டு பக்கம். காப்பி கொட்டிவிட்டது, கிழித்துவிட்டேன். எழுதும்படி ஒன்றும் நடக்கவும் இல்லை.

சார் எனக்காக மேலே சிபாரிசுக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அம்மா மாரியம்மனுக்கு விளக்குப் போடச் சொன்னாள். போட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஈச்சம்பதி நேராய்வுக்குத் தேதி வந்துவிட்டது. மே 2. ஆறு வருடம் காத்திருந்த நேராய்வு. முறைப்படி முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும்.

"குழுத் தலைவி கையில கொடுத்துறவா சார்?" என்றேன்.

"வேண்டாம். பதியில ஒட்டுனா போதும்."

"எப்ப சார்?"

"இருபத்தஞ்சு."

ஒட்டிவிட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இன்று பக்கத்தடியில், 'களையை இளமையிலேயே அகற்றுக'.

ஏப்ரல் 23, புதன்

மேலே போயிருந்தேன். நாளைக்குப் புறப்பாடு. பிள்ளைகள் கூத்தாடிக்கொண்டிருந்தன. வழக்கமாகப் பேசாத நஞ்சன்கூட, "வாறப்ப உங்களுக்கு ஒரு சீசா எடுத்தாறனுங்க" என்றார். மருதியக்கா அவரைக்காயைத் துணியில் கட்டி என் பையில் வைத்தார்.

"எழுதிக்கோ. குடுக்கையில ராகி, தெனை, அவரை மூணும் கட்டியாச்சு. மழைக்கு முந்தி வந்து வெதைக்கோணும்."

எழுதிவிட்டேன்.

அறிவிப்பு என் கைப்பையில்தான் இருந்தது. இருபத்தைந்து என்று சொல்லியிருக்கிறார்கள், இன்று இருபத்து மூன்று. நான் ஒப்பந்தப் பணியாளர், தேதியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. வெந்நீர் குடித்தேன், இறங்கிவிட்டேன். வழியெல்லாம் பை தோளை இழுத்தது. அவரைக்காய்க் கனமாக இருக்கும்.

ஏப்ரல் 25, வெள்ளி

இருபத்திரண்டு வீட்டுக்கும் கதவு இல்லை. கோழிச் சத்தம்கூட இல்லை. இவ்வளவு நாள் வந்திருக்கிறேன், இங்கே காற்றுக்குச் சத்தம் உண்டு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லைக் கல்லருகே நின்று, "வந்துருவாங்க" என்றேன். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா? பிறகு மருதியக்கா வீட்டுச் சுவரில் அறிவிப்பை ஒட்டினேன். படம் எடுத்தேன்.

கைக்கணினியில் 'வீட்டின் நிலை' என்ற இடத்தில் மூன்றே மூன்று விடைதான் இருக்கிறது. குடியிருப்பில் உள்ளது. பூட்டியுள்ளது. தாமாகவே காலி செய்யப்பட்டது. சாருக்குப் போன் செய்தேன்.

"ஆள் இருக்காங்களா?"

"இல்ல சார்."

"பூட்டு இருக்கா?"

"கதவே இல்ல சார்."

"அப்ப மூணாவது."

தயங்கினேன். ஒன்றை அழுத்தாமல் அடுத்த பக்கம் போக விடாது அந்தக் கருவி. இருபத்திரண்டு தடவை அழுத்தினேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இரண்டாம் தடவை. சொன்னேன். படம் எடுத்தேன். உள்ளே வெளிச்சம் போதவில்லை, அதனால் வெளிப்பக்கம் மட்டும்.

மே 2, வெள்ளி

மூன்றாம் தடவை. நேராய்வு. நான்கு பேர் வந்தார்கள், வியர்த்து விறுவிறுத்து. இருபது நிமிடம். அதில் ஒருவர், வயதானவர், கோட்டாட்சியர் அலுவலகத்துக்காரர், "ராகித் தாள் புதுசா இருக்கே, ஆளுங்க எங்கப்பா?" என்று கேட்டார்.

தணிகாசலம் சார் என்னைத்தான் பார்த்தார். "கோகிலா சொல்லுவாங்க. இந்தப் பதியோட நல்ல பழக்கம் அவங்களுக்கு."

"மூணு தடவை வந்தேன் சார். ஆள் இல்லை" என்றேன்.

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தேதி போட்ட படம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பெரியவர் ஒரு வீட்டு வாசலில் குனிந்தார். உள்ளே போகப் போகிறார் என்று நினைத்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன்.

எல்லைக் கல்லைத் தாண்டும்போது வழக்கம்போல் சொல்ல வாயெடுத்தேன். எல்லாரும் பக்கத்தில் இருந்தார்கள். சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

நேற்று இயந்திரம் மேலே போனதாம். போவதற்குப் பாதை வெட்டினார்களாம். ஒரே நாளில் பாதை. எனக்குப் பல்வலி, ஆபீஸ் போகவில்லை.

மே 9, வெள்ளி

நியமன உத்தரவு வந்துவிட்டது. நிரந்தரம். அம்மா தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். ஏன்டி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாள். பல் என்றேன்.

மே 12, திங்கள்

பௌர்ணமி.

மே 14, புதன்

பார்த்தவர்கள் சொன்னதை எழுதுகிறேன். திங்கள் மத்தியானம் அவர்கள் இறங்கி வந்திருக்கிறார்கள், தலையில் தேன் தகரங்களோடு. பதி இருந்த இடத்தில் செம்மண் தரை. சுற்றிலும் இரண்டு ஆள் ஆழத்துக்கு யானை அகழி. அதற்கு அப்பால் முப்பது காவலர்கள், மூன்று லாரி. மருதியக்கா கேட்டாராம், "எங்க குடுக்கை எங்கே?" யாருக்கும் என்னவென்று புரியவில்லை. சட்டிபானை ஏதோ கேட்கிறாள் என்று, கீழே புதிதாக வாங்கித் தருகிறோம் என்றார்களாம்.

இன்று சாவி கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். இருபத்திரண்டு சாவி, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய அட்டை. மருதியக்கா பதினேழாம் எண். கை நீட்டவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"நீ வந்து சொன்னியா அம்மிணி?"

"சொன்னேங்க்கா."

"அப்ப ஏன் இப்படி ஆச்சு?"

என்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியும் வீடுகள் எப்படிப் போயின என்று உண்மையாகவே கேட்கிறார். சாவியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

மே 20, செவ்வாய்

மஞ்சள் வீடுகளில் இருபத்திரண்டு இரும்புக் கதவுகளையும் கழற்றி உள்ளே படுக்க வைத்துவிட்டார்கள். முன்பு வந்த அத்திப்பதியின் மீதி எட்டு வீட்டிலும் கழற்றிவிட்டார்களாம். திருட்டுப் போனால் பொறுப்பில்லை என்று சார் நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். எங்கே ஒட்டுவது என்று காவலாளி கேட்டான். கதவு இல்லையே.

ஆபீசில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த வாசல்களைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. இவர்கள் அங்கே குடியிருக்கவில்லை. வேறு யாருக்கோ வீட்டை விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

மருதியக்கா என் வீட்டுக்கே வந்துவிட்டார். விசாரித்து விசாரித்து, இரண்டு பஸ் மாறி. கையில் ஒரு சீசா தேன். நஞ்சன் எனக்குச் சொன்ன சீசா.

திங்கட்கிழமை கலெக்டரிடம் மேல்முறையீடாம். ஒரு வக்கீல் அம்மா சும்மாவே வந்து பேசுகிறாராம். நாங்கள் அங்கேதான் இருந்தோம், தேனுக்குத்தான் போனோம் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்களாம். வீடு இல்லை, காடு இல்லை, குடுக்கை இல்லை. அப்போதுதான் இது நினைவுக்கு வந்ததாம்.

"நீ நாளு போட்டு எழுதுனியே அம்மிணி. கூரை மேஞ்சது, ஆடு குட்டி போட்டது, வெதை கட்டுனது. அதக் குடு."

அம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். நான் டைரியை எடுத்து வந்து, கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவரே வாங்கிப் புரட்டினார். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, எண் தெரியும். ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். ஏப்ரலில் நின்றார்.

"எட்டு. அப்புறம் பதினொண்ணு. ரெண்டு நாளக் காணமே?"

"காப்பி கொட்டிருச்சுங்க்கா. கிழிச்சுட்டேன்."

கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருந்த தாள்கள் வெள்ளை வெளேர் என்று இருந்தன.

"உனக்குத்தான் காப்பி ஆகாதே அம்மிணி."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். இஞ்சி தட்டிக் கொடுத்தபோது இருந்த அதே குரல். டைரியை என் கையிலேயே திருப்பி வைத்தார். திங்கட்கிழமை விடியற்காலை பஸ் நிறுத்தத்தில் நிற்பேன், தருவதாக இருந்தால் தா என்றார். தேனை விட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 7, சனி

அம்மா சொல்கிறாள், தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடு. உன் பாட்டுக்கு உன் வேலையைப் பார். இந்த உத்தரவுக்காக எத்தனை கோயில் ஏறினேன் தெரியுமா? அவள் முழங்காலைப் பார்த்தேன். வீங்கியிருக்கிறது. அவள் ஏறியது உண்மைதான்.

டைரியை இப்படியே கொடுத்தால் அவர்கள் இருந்தது மட்டும் தெரியும். இருந்தார்கள், பிறகு தாமாகப் போய்விட்டார்கள் என்று சார் சொல்வார். என் கையெழுத்தைக் காட்டுவார். என் படங்களைக் காட்டுவார். இந்த டைரியில் இல்லாத ஒரு பக்கம்தான் அவருக்குப் பலம்.

கயிற்றை யார் கையில் கொடுப்பது என்று அவ்வளவு பார்க்கிறவர்கள், போகும் நாளையும் வரும் நாளையும் என்னிடம் சொன்னார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா தூங்கப் போய்விட்டாள். சோறு ஆக்கிவிட்டேன், துணி மடித்துவிட்டேன், இனிமேல் தள்ளிப்போட வேலை எதுவும் இல்லை. டைரியின் கடைசியில் 'குறிப்புகள்' என்று நான்கு வெற்றுப் பக்கம் இருக்கிறது. கிழித்ததை அதில் எழுதுகிறேன். கலெக்டர் அலுவலகத்தில் யார் படித்தாலும் சரி.

ஏப்ரல் 9, புதன்

(இந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஜூன் 8 அன்று நினைவிலிருந்து திரும்ப எழுதியது.)

காலை பதினொரு மணிக்குத் தணிகாசலம் சார் அறைக்குப் போனேன். எனக்குப் பால் வந்தது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"பதினாலு வீட்டுக்காரங்க கடைசி வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டாங்க. அப்படித்தான?"

"ஆமா சார்."

"அவங்க எல்லாரும் ஒரே சமயத்துல பதியில இல்லாத நாள் ஏதாவது உண்டா?"

இந்தக் கேள்வியை எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாத மாதிரி ஜன்னலைப் பார்த்தேன். அவர் மேஜைமேல் இருந்த ஒரு கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். என்னை நிரந்தரமாக்கச் சொல்லும் சிபாரிசு. கையெழுத்து மட்டும் போடவில்லை.

தேன் எடுக்கப் போவதைச் சொன்னேன். கதவைக் கழற்றி வைப்பார்கள் என்று சொன்னேன். எந்த நாள் புறப்படுவார்கள் என்று கேட்டார். அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் என்றேன். காலண்டரை எடுத்து என்னிடமே கொடுத்தார். நான் விரல் வைத்து எண்ணி, "இருபத்தி நாலு சார். மே பன்னெண்டுக்குத் திரும்பிருவாங்க" என்றேன்.

"திரும்பி வருவாங்கன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும் சார். விதையைக் கட்டி வெச்சுட்டுப் போவாங்க."

"எங்க?"

"அடுப்புக்கு மேல, சுரைக்குடுக்கையில."

"எடுக்குற படத்துல அது தெரியாம பாத்துக்குங்க" என்றார். சரி என்றேன். கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 29 அன்று வீடுகளுக்குள் வெளிச்சம் நன்றாகவே இருந்தது. இருபத்திரண்டு வீட்டிலும் குடுக்கை தொங்கியது. நான் ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வெளியே வந்து படம் எடுத்தேன். நான் சாட்சி.

ஏப்ரல் 9 அன்று, பாலைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சார் அறையிலிருந்து எழுந்தேன். காப்பி எதுவும் கொட்டவில்லை.

வே. கோகிலவாணி